நடுக்கடலில் ஓர் ஊர்: சொகுசுக் கப்பலில் யாரால் யாருக்குத் தொல்லை?

2024 மார்ச் 27. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய சாவோ டோமே தீவு. கரையிலிருந்து பார்த்தால் 'நார்வீஜியன் டான்' சொகுசுக் கப்பல் நங்கூரமிட்டு நிற்பது தெளிவாகத் தெரிகிறது. தீவைச் சுற்றிப் பார்க்கத் தனியாக ஏற்பாடு செய்துகொண்டு போன எட்டுப் பயணிகள் அரக்கப்பரக்கத் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறார்கள். பிற்பகல் 3 மணிக்குக் கப்பலில் இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது. உள்ளூர் கடலோரக் காவல் படையினர் அவர்களைப் படகில் ஏற்றிக் கப்பலின் அருகிலேயே கொண்டுபோகிறார்கள். ஏற்றிக்கொள்ள முடியாது என்று பதில் வருகிறது. படகு திரும்புகிறது. கப்பல் புறப்பட்டுவிடுகிறது.

எட்டுப் பேரில் ஆறு பேர் அமெரிக்கர்கள், இருவர் ஆஸ்திரேலியர்கள். ஒருவர் கர்ப்பிணி. பெட்டி, மாற்றுத்துணி எல்லாம் கப்பலில். கையில் இருந்தது அன்றைய சுற்றுலாவுக்கு எடுத்துவந்த பை மட்டும். விமானம் மாறி, நாடு மாறிக் காம்பியாவுக்கு ஓடினார்கள். கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பல் அங்கே கரைக்கு வரவில்லை. அங்கிருந்து தரைவழியாக செனகலின் டாக்கருக்குப் போய், ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் கப்பலில் மறுபடி ஏறினார்கள்.

உலகமே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கண்ணெதிரே நிற்கும் கப்பலில் ஏற்றிக்கொள்ள என்ன கேடு, கர்ப்பிணி என்றுகூடப் பார்க்கக் கூடாதா என்று ஒரு தரப்பு. சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்த சுமார் இரண்டாயிரம் பேர் எட்டுப் பேருக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று மறு தரப்பு. இந்தச் சத்தத்தில் ஒரு சங்கதி அதிகம் பேசப்படாமலே போனது. கரையில் விடப்பட்ட எட்டுப் பேரில் ஒரு தம்பதியின் கார்டுதான் அந்தத் தீவில் வேலை செய்தது. மற்றவர்களின் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் அந்தத் தம்பதிதான் பணம் கட்டினார்கள்.

சொகுசுக் கப்பல் பயணத்தின் இரு முகங்களும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரால் மொத்தப் பயணமும் கெட்டுப்போகலாம். முன்பின் தெரியாத இன்னொருவரே கைகொடுக்கவும் செய்யலாம். பஸ்ஸிலோ ரயிலிலோ தொல்லை என்றால் சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கப்பலில் அது நடக்காது. ஐந்து நாளோ பத்து நாளோ அதே முகங்களோடு அதே பஃபேயில் சாப்பிட்டு, அதே லிஃப்டுக்குக் காத்திருந்து, அதே குளத்தில் குளிக்க வேண்டும்.

கப்பல் பெருத்த கதை

நவீன சொகுசுக் கப்பல் (க்ரூஸ்) தொழிலின் தொடக்கமாக 1966-ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டின் இறுதியில் 'சன்வர்ட்' என்ற கப்பல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து கரீபியன் கடலுக்கு உல்லாசப் பயணங்களைத் தொடங்கியது. 1972-இல் கார்னிவல் நிறுவனம் தன் முதல் கப்பலை இறக்கியது. 'மார்டி கிரா' என்ற அந்தக் கப்பல் முதல் பயணத்திலேயே மயாமிக்கு வெளியே மணல் திட்டில் தட்டி நின்றது. அப்படித் தொடங்கிய நிறுவனம் இன்று உலகின் மிகப் பெரிய க்ரூஸ் குழுமம்.

அந்தக் காலத்துக் கப்பல்களில் சில நூறு பேர் பயணம் செய்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் குறித்த நேரம், குறித்த மேஜை. எட்டுப் பேர் மேஜையில் தெரியாத குடும்பங்களும் சேர்ந்து உட்கார வேண்டும். முதல் நாள் பெயர் கேட்டவர்கள் மூன்றாம் நாள் பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டினார்கள். தெரிந்தவர் முன்னால் வரிசையில் முந்தக் கூச்சம் வரும் அல்லவா? அந்தக் கூச்சம்தான் அன்றைய ஒழுங்கைப் பெருமளவு காத்தது. 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் எப்போது வேண்டுமானாலும், யாரோடு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வசதி கூடியது, முகம் தெரிவது குறைந்தது.

2024 ஜனவரியில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கிளம்பியபோது, அதில் அதிகபட்சம் 7,600 பயணிகளும் 2,350 பணியாளர்களும் இருக்க இடம் இருந்தது. கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். தமிழ்நாட்டில் பல பேரூராட்சிகளின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவுதான்.

பெட்டிச் செய்தி: எண்களில் க்ரூஸ்

• 2019-இல் உலகெங்கும் கடல் க்ரூஸ் போனவர்கள்: 2 கோடியே 97 லட்சம். 2024-இல்: 3 கோடியே 46 லட்சம்.
• 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் தளங்கள்: 20. மொத்த டன் அளவு: 2,48,663.
• கப்பலில் வயிற்று நோய் கண்டவர்கள் 3 சதவீதத்தைத் தொட்டால், அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அதை நோய்ப் பரவலாக வெளியிடுகிறது.
• 2024-இல் அந்த மையம் அப்படி அறிவித்தவை: 18. அவற்றில் 15-க்கு நோரோ வைரஸ் காரணம்.
• கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி கப்பல் பணியாளருக்குக் குறைந்தபட்ச ஓய்வு: 24 மணி நேரத்தில் 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம்.

துண்டு போட்ட நாற்காலி

எந்த நாட்டுப் பயணியைக் கேட்டாலும் புகார்ப் பட்டியலின் உச்சியில் இருப்பது நீச்சல் குளத்தருகே இருக்கும் சாய்வு நாற்காலி. கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாளில் எல்லோரும் மேல் தளத்துக்குத்தான் வருவார்கள். விடிந்தும் விடியாததுமாக ஒருவர் வந்து நான்கு நாற்காலிகளில் துண்டு விரிப்பார். ஒன்றில் புத்தகம், இன்னொன்றில் செருப்பு. பிறகு கேபினுக்குப் போய்த் தூங்கிவிட்டு, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்தரை மணிக்கு மேல் வந்து சேர்வார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்து வளர்ந்த நமக்கு இந்த வித்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கேயாவது துண்டு போட்டவர் அடுத்த நிமிடம் ஏறி உட்கார்ந்துவிடுவார். கப்பலில் மூன்று மணி நேரம் ஆள் வராத நாற்காலிக்கு முன்னால், கைக்குழந்தையோடு ஒரு தாய் நின்றுகொண்டிருப்பார்.

நிறுவனங்கள் முதலில் இதைப் பயணிகளின் பெருந்தன்மைக்கு விட்டுப் பார்த்தன. பலன் இல்லை. 2013 வாக்கில் கார்னிவல் ஒரு வழி கண்டது. ஆளில்லாத நாற்காலியில் பணியாளர் நேரம் குறித்த ஸ்டிக்கர் ஒட்டுவார். 40 நிமிடம் கழித்தும் ஆள் வரவில்லை என்றால், பொருட்களை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு நாற்காலியை அடுத்தவருக்குக் கொடுப்பார். ராயல் கரீபியன் கப்பல்களில் இந்தக் கெடு 30 நிமிடம்.

காகிதத்தில் நல்ல விதிதான். நடைமுறையில் அதைச் செயல்படுத்த வேண்டியவர் குளத்தருகே துண்டு கொடுக்கும் இளைஞர். பொருளை எடுத்தால் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார். எடுக்காவிட்டால் காத்திருப்பவர் புகார் எழுதுவார். இரண்டில் எது நடந்தாலும் அடி அந்த இளைஞருக்குத்தான்.

இந்த நாற்காலிச் சண்டை நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. கிரேக்கத் தீவான ரோட்ஸில் ஹோட்டலில் தங்கிய ஜெர்மானியக் குடும்பம் ஒன்று, மற்ற விருந்தினர்கள் துண்டு போட்டுப் பிடித்துவைத்ததால் தங்களுக்கு நாற்காலியே கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டது. துண்டு போடக் கூடாது என்று பலகை வைத்துவிட்டு அதை அமலாக்காமல் விட்டது சேவைக் குறைபாடு என்று ஹனோவர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்து, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொன்னது. அது ஹோட்டல் வழக்கு என்றாலும், விதி எழுதியவருக்கே அதை நிறைவேற்றும் பொறுப்பும் உண்டு என்பது கப்பல் நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

நாற்காலிக்கு அடுத்தது லிஃப்ட். ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும், நாடகம் முடிந்து அரங்கம் காலியாகும் நேரத்திலும் லிஃப்டின் முன்னால் கூட்டம் அலைமோதும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்ணெதிரே நான்கைந்து லிஃப்டுகள் நிறைந்து நிறைந்து கடந்துபோகும். அவற்றில் ஒரு தளம் மட்டும் மேலே போகும் திடகாத்திரமான இளைஞர்களும் இருப்பார்கள். படியேற முடிந்தவர்கள் படியேறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரவில் நடைபாதையில் சத்தமாகப் பேசிக்கொண்டு போவது, கதவை அறைந்து சாத்துவது, பால்கனியில் புகைப்பது என்று பட்டியல் நீள்கிறது. கேபின்களுக்கு நடுவே இருப்பது மெல்லிய தடுப்புதான். பக்கத்துக் கேபினில் இருமினாலும் கேட்கும். அதனால்தான் விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. கார்னிவலில் கேபினிலோ பால்கனியிலோ புகைத்தால் 500 டாலர் அபராதம். 17 வயதும் அதற்குக் குறைவான வயதும் உள்ளவர்கள் பெரியவர் துணையின்றி இரவு 1 மணிக்கு மேல் பொது இடங்களில் இருக்கக் கூடாது. விதிகளால் அலுத்துப்போனவர்களுக்காகச் சிறுவர்களையே ஏற்றாத கப்பல்களும் வந்துவிட்டன. வைக்கிங், வெர்ஜின் வாயேஜஸ் இரண்டிலும் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே இடம்.

கழுவாத கை

நாற்காலி கிடைக்காவிட்டால் ஒரு பகல் பொழுது கெடும். பஃபேயில் ஒருவர் கை கழுவாமல் கரண்டியைத் தொட்டால் நூற்றுக்கணக்கானவர்களின் பயணமே கெடும்.

2014 ஜனவரியில் 'எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ்' கப்பலில் அதுதான் நடந்தது. 600-க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கால் படுத்தார்கள். பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு கப்பல் நியூஜெர்சிக்குத் திரும்பியது. காரணம் நோரோ வைரஸ்.

இந்த வைரஸ் பரவ மிகச் சிறிய அளவே போதும். நூறு துகள்களுக்கும் குறைவாக வயிற்றுக்குள் போனாலே நோய் வந்துவிடும். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். கதவுப் பிடி, லிஃப்ட் பட்டன், படிக்கட்டின் கைப்பிடி, பஃபே கரண்டி என்று கை படும் இடமெல்லாம் அதற்கு வாகனம். பலர் நம்பியிருக்கும் சானிடைசர் இந்த வைரஸிடம் சரியாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி. நார்வீஜியன் கப்பல்களில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பணியாளர்கள் 'வாஷி வாஷி' என்று பாடிக்கொண்டே கை கழுவச் சொல்லி அழைப்பதற்குக் காரணம் இதுதான். வயது வந்தவர்களுக்கு இதைப் பாட்டாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாலும், பாட்டு வேலை செய்கிறது. சிரித்துக்கொண்டே பலர் கை நீட்டுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குற்றம், நோயை மறைப்பது. வாந்தி வந்ததும் மருத்துவப் பிரிவில் சொன்னால், கேபினை விட்டு வெளியே வரக் கூடாது என்பார்கள். சேமித்துச் சேமித்து வந்த பயணத்தில் இரண்டு நாள் நான்கு சுவருக்குள் முடங்கிவிடும். அந்தப் பயத்தில், கொண்டுவந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஏக்கம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவர் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வந்தவராக இருக்கலாம், எண்பது வயதுப் பாட்டியாக இருக்கலாம். நோய் பரவியதும் எல்லோருக்கும்தான் இழப்பு. பஃபேயில் யாரும் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது, பணியாளர்தான் பரிமாறுவார். பணியாளர்களோ கூடுதல் நேரம் நின்று கைப்பிடி கைப்பிடியாகத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

கப்பல் என்றாலே நோய்க்கூடம் என்ற முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான். கப்பலில் வந்தால் அது வெளியே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். 1975 முதல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இதற்கென்றே ஒரு கண்காணிப்புத் திட்டத்தை நடத்திவருகிறது. கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தைகளை, டயாப்பர் கட்டியிருந்தாலும், பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது என்பதும் அந்தத் திட்டத்தின் விதிதான். குழந்தை ஆசைப்படுகிறது என்று ஒரு நிமிடம் இறக்கிவிடும் பெற்றோர் கெட்டவர்கள் அல்ல. ஆனால் குளம் ஒருமுறை அசுத்தமானால், சுத்தப்படுத்தி மறுபடி திறக்கும் வரை மற்ற எல்லாக் குழந்தைகளும் கரையில் நிற்க வேண்டும்.

அரை மணி நேரப் பயிற்சி

கப்பல் கிளம்பும் முன் கட்டாயமாக நடக்கும் ஒன்று, பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குட்டை ஒலி, ஒரு நெடிய ஒலி கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். பெட்டியை வைத்த கையோடு குளத்துக்கு ஓட நினைப்பவர்களுக்கு இது ஒரு தொந்தரவு. பலர் தாமதமாக வருவார்கள், வந்தவர்களில் சிலர் போனில் மூழ்கியிருப்பார்கள். வராத ஒருவருக்காக முந்நூறு பேர் வெயிலில் நிற்பதும் உண்டு.

2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதியது. கப்பலில் 4,200-க்கும் மேற்பட்டோர். அன்று மாலை சிவிடாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 700 பேருக்குப் பயிற்சி மறுநாள்தான் என்று திட்டம். 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. மோதலை மறைத்து, வெறும் மின்தடைதான் என்று பயணிகளிடம் சொல்லப்பட்டது. கப்பலைக் கைவிடும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இருட்டில், சாய்ந்த தளத்தில், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் மக்கள் தடுமாறினார்கள். 32 பேர் இறந்தார்கள். கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோவுக்கு 16 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

இறந்தவர்களில் ஒருவர் மும்பையைச் சேர்ந்த இந்தியப் பணியாளர். பயணிகளைப் படகில் ஏற்ற உதவிக்கொண்டிருந்தவர் அவர். அவரது உடல் எச்சங்கள் 2014 நவம்பரில், கப்பலை உடைக்கும்போதுதான் கிடைத்தன.

2015 ஜனவரி 1 முதல் சர்வதேச விதி மாறியது. கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். கோவிட் காலத்துக்குப் பிறகு பல நிறுவனங்கள் அதை எளிதாக்கியும் விட்டன. போனிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டினால் போதும். அதற்கும் வராதவர்களின் கேபின் எண்களை ஒலிபெருக்கியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சியை முடிக்க வேண்டும் என்ற அந்த விதி 32 உயிர்களுக்குப் பிறகு வந்தது என்பதை, அழைக்கப்படுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காத்திருக்காத கப்பல்

துறைமுகத்தில் இறங்கிச் சுற்றப் போகிறவர்கள், கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் துறைமேடையில் தலைதெறிக்க ஓடிவருகிறவர்களுக்கு 'பியர் ரன்னர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேல் தளங்களில் நின்று கைதட்டிச் சிரித்துப் படம்பிடிப்பதும் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ஓடிவருபவர் வயதானவராகவோ, வழியில் டயர் பஞ்சராகித் தவித்தவராகவோ இருக்கலாம். அவரைப் பார்த்துச் சிரிப்பதும் ஓர் அநாகரிகமே.

கப்பல் காத்திருக்காததற்குக் காரணங்கள் உண்டு. துறைமுகத்தில் இடம் மணிக்கணக்கில் வாடகைக்கு. அடுத்த கப்பல் வெளியே நிற்கும். கடல் ஏற்றம் இறக்கம் யாருக்காகவும் மாறாது. இழந்த நேரத்தைப் பிடிக்க வேகமாகப் போனால் எரிபொருள் செலவு எகிறும். நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வெளியே மலிவாக ஏற்பாடு செய்துகொண்டவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இன்னொரு பொறி, கடிகாரம். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் சில இடங்களில் வேறுபடும். போன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறி ஏமாற்றிவிடும்.

இறங்கும் ஊரிலும் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதையும் பயணிகள் மறந்துவிடுகிறார்கள். அலாஸ்காவின் ஜூனோ நகரத்தில் மக்கள்தொகை சுமார் 32,000. பருவகாலத்தில் ஒரே நாளில் அதில் பாதி அளவுக்கு மக்கள் கப்பலிலிருந்து இறங்கினார்கள். 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வரக் கூடாது என்று நகரம் எல்லை வகுத்தது. வெனிஸ் நகரின் மையக் கால்வாயில் பெரிய கப்பல்கள் நுழைய 2021 ஆகஸ்ட் முதல் தடை இருக்கிறது.

சிட்னியில் ஒரு பாடம், சென்னையில் ஒரு தொடக்கம்

2018 செப்டம்பரில் சிட்னியிலிருந்து கிளம்பிய 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' கப்பலில் இந்தியாவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் 1,300 பேர் ஏறினார்கள். எல்லோரும் ஆண்கள். குளத்தையும் மது அருந்தும் இடங்களையும் அவர்களே நிறைத்துக்கொண்டதாகவும், பெண்களையும் சிறுமிகளையும் படம்பிடித்ததாகவும் மற்றப் பயணிகள் புகார் செய்தார்கள். புகார் செய்தவர்களுக்குக் கப்பல் நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே கூட்டத்துக்கு அத்தனை இடங்களை விற்ற நிறுவனத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு. ஆனால் கூட்டமாகப் போகும்போது நம் பழக்கம் மாறிவிடுகிறது என்பதை மறுக்க முடியாது. தனியாக இருந்தால் செய்யத் துணியாததைச் சேர்ந்து செய்கிறோம்.

க்ரூஸ் பயணம் நமக்கு அந்நியமான விஷயமில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கோர்டீலியா எம்ப்ரஸ்' கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சூதாட்ட வசதி இருக்கிறது என்று எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரி அப்போது கப்பலை அனுமதிக்கவில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் பயணங்கள் தொடங்கின. யாழ்ப்பாணக் கரையைச் சொகுசுக் கப்பல் தொட்டது அங்குள்ளவர்களுக்கும் புதுமை.

1990-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலில் சுமார் 1,800 பேர் போகலாம். நம்மவர்கள் க்ரூஸ் போகும் விதம் தனி. அமெரிக்காவில் பலர் கணவனும் மனைவியுமாகப் போவார்கள். இங்கே தாத்தா பாட்டி, சித்தி சித்தப்பா, பிள்ளைகள் என்று பதினைந்து பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். அதில் ஓர் அழகு இருக்கிறது. நடக்க முடியாத பாட்டியைப் பேரன் தாங்கிக்கொண்டு மேல் தளத்துக்குக் கூட்டிவந்து கடலைக் காட்டுவதை அங்கே பார்க்கலாம். அதே குடும்பம் பஃபே வரிசையில் ஒருவரை நிறுத்திவிட்டுப் பத்துத் தட்டு நிரப்பினால், பின்னால் நிற்பவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். நாடகத்தில் முன்வரிசை முழுவதையும் ஒருவரே பிடித்துவைப்பதும், நள்ளிரவில் நடைபாதையில் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு கேபினுக்குக் கேபின் அரட்டை அடிப்பதும் இதே வகைதான்.

பில்லைத் தாங்குபவர் யார்?

பெரிய அமெரிக்க நிறுவனங்கள் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை 'சேவைத் தொகை' என்று தானாகவே கணக்கில் ஏற்றுகின்றன. 18 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பேர் குடும்பத்துக்கு ஐந்து இரவுகளுக்கு 360 டாலர் ஆகிறது. டிக்கெட்டோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்களுக்குக் கடைசி நாள் பில் அதிர்ச்சி தருகிறது. சிலர் வரவேற்பு மேஜைக்குப் போய் அதை நீக்கச் சொல்கிறார்கள்.

கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தொகை ஊழியர்களின் வருமானத்தில் ஒரு முக்கியமான பங்கு. அதை நீக்கினால் நிறுவனத்துக்கு வலிக்காது. நாள்தோறும் படுக்கை விரித்து, துண்டில் யானை செய்து வைத்துவிட்டுப் போகும் ஸ்டூவர்டுக்குத்தான் வலிக்கும். பத்துப் பதினைந்து கேபின்களுக்கு மேல் அவர் பொறுப்பு. ஆறு முதல் ஒன்பது மாத காண்ட்ராக்டில், வார விடுமுறை என்ற ஒன்றே இல்லாமல் வேலை பார்ப்பவர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவைப் போல இந்தியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் இந்த வேலைக்குப் போகிறார்கள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டுக் கப்பலேறிய பிள்ளைகள் தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

நாற்காலிச் சண்டையில் நடுவில் நிற்பதும், வாந்தியைத் துடைப்பதும், பயிற்சிக்கு வராதவரைத் தேடிப்போவதும் இவர்கள்தான். பயணிகள் ஒருவருக்கொருவர் செய்யும் ஒவ்வொரு அலட்சியமும் சுற்றிச் சுற்றி இவர்கள் தோளில்தான் வந்து இறங்குகிறது.

பெட்டிச் செய்தி: கப்பல் ஏறும் முன்

• பாதுகாப்புப் பயிற்சியை முதல் வேலையாக முடியுங்கள். குழந்தைகளையும் அழைத்துப்போய் இடத்தைக் காட்டுங்கள்.
• சாப்பாட்டுக் கூடத்தில் நுழையும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
• வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் மறைக்காமல் மருத்துவப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.
• கரையில் இறங்கும்போது கப்பல் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகலும் மருந்தும் கையோடு இருக்கட்டும்.
• நாற்காலியை விட்டு நெடுநேரம் போவதானால் துண்டை எடுத்துக்கொண்டே போங்கள்.
• லிஃப்டில் சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் முதல் இடம் கொடுங்கள்.
• அடுத்தவரைக் கேட்காமல் படம்பிடிக்காதீர்கள்.

இருட்டில் தெரிந்த முகங்கள்

2013 பிப்ரவரி. அமெரிக்காவின் கால்வெஸ்டனிலிருந்து நான்கு நாள் பயணமாகக் கிளம்பிய 'கார்னிவல் ட்ரையம்ப்' கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்தது. எரிபொருள் குழாய் ஒன்றில் ஏற்பட்ட கசிவே காரணம். தீ அணைந்தது, மின்சாரமும் போய்விட்டது. 4,200-க்கும் மேற்பட்டோருடன் கப்பல் மெக்சிகோ வளைகுடாவில் மிதந்தது. ஏசி இல்லை, பெரும்பாலான கழிப்பறைகள் வேலை செய்யவில்லை. சாப்பாட்டு வரிசையில் மணிக்கணக்கில் நின்றார்கள். இழுவைப் படகுகள் கப்பலை அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது பிப்ரவரி 14 இரவாகியிருந்தது.

அந்த நாட்களில் சாப்பாட்டை அள்ளிப் பதுக்கியவர்கள் இருந்தார்கள். நாற்காலிக்கும் மெத்தைக்கும் சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். வெக்கை தாங்காமல் மேல் தளத்துக்கு வந்தவர்கள் படுக்கை விரிப்புகளைக் கட்டிக் கூடாரம் அமைத்துப் பக்கத்தில் இருப்பவருக்கும் இடம் கொடுத்தார்கள். சேர்ந்து பிரார்த்தனை செய்தார்கள். கரை இறங்கியதும் நிறுவனத்தைத் திட்டியவர்கள்கூடப் பணியாளர்களைப் பாராட்டத் தவறவில்லை. யாரும் சகிக்க முடியாத வேலையை அவர்கள் முகம் சுளிக்காமல் செய்தார்கள் என்று பயணிகள் பேட்டி கொடுத்தார்கள்.

இவ்வளவு பெரிய துன்பம் வந்தால்தான் மனிதர் நெருங்க வேண்டும் என்றில்லை. 2018-இல் ஒரு பத்து வயதுச் சிறுமி கார்னிவல் கப்பலில் ரப்பர் வாத்துப் பொம்மைகளை அங்கங்கே ஒளித்துவைத்தாள். கண்டெடுப்பவருக்கு அது பரிசு. அது பரவி, இன்று பல கப்பல்களில் பயணிகள் பை நிறைய வாத்துகளோடு ஏறுகிறார்கள். டிஸ்னி கப்பல்களில் கேபின் வாசலில் துணிப்பை தொங்கவிட்டு, முகம் தெரியாத குடும்பங்கள் ஒன்றுக்கொன்று சிறு பரிசுகள் போட்டுவைக்கும் வழக்கம் இருக்கிறது. பேச்சுக் கொடுக்கப் பயணிகள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட வழிகள் இவை.

இனி யார் செய்ய வேண்டியது?

மத்திய அரசு 2024 செப்டம்பரில் 'க்ரூஸ் பாரத்' திட்டத்தை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் க்ரூஸ் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது இலக்கு. அப்படியானால் சென்னையிலிருந்தும் முதல்முறை கப்பலேறுகிறவர்கள் பெருகுவார்கள். விமானத்தில் முதல்முறை போகிறவருக்கு உறவினரில் யாராவது வழி சொல்லிவிடுவார்கள். கப்பல் விஷயத்தில் வீட்டில் கேட்க ஆள் இல்லை. டிக்கெட் விற்கும் ஏஜென்டுகள் சாப்பாட்டையும் நடனத்தையும் பற்றிச் சொல்கிறார்கள். பயிற்சி, நோய், திரும்பும் நேரம் பற்றியும் தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சடித்து டிக்கெட்டோடு கொடுக்கலாம். செலவு சில ரூபாய்தான்.

நிறுவனங்களின் பங்கு இதைவிடப் பெரியது. ஏற்றும் ஆட்களுக்கு ஈடாக நாற்காலியும் லிஃப்டும் இருக்க வேண்டும். கெடு கடந்த துண்டை எடுக்கும் ஊழியரை, கோபித்துக்கொண்டு வரும் பயணியின் முன்னால் மேலாளர் விட்டுக்கொடுக்கக் கூடாது. நோயைத் தானாக வந்து சொல்பவருக்கு இழந்த நாட்களின் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தால், மறைப்பவர்கள் குறைவார்கள். சேவைத் தொகையைத் தனியாகக் காட்டிப் பயணியையும் பணியாளரையும் மோதவிடாமல், அதை டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிட்டு, அது யாருக்கு எவ்வளவு போகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பயணம் நடத்த வரும் நிறுவனங்களிடம் அரசு அனுமதி கொடுக்கும்போதே இதைக் கேட்கலாம்.